பர்மாவின் ஐராவதி ஆற்றில் ஓடிய வணிகப் படகுகள் போர்ப் படகுகளான வரலாறு – விவாத இழை

ஐராவதிக்கரை (மாந்தளை):

அனைவருக்கும் வணக்கம். பர்மாவில் ஆங்கிலேயர் நடத்திய போர்களைப் பற்றி இம்மன்றத்தில் பேச்சு எழும்போதெல்லாம் தளபதிகளின் பெயர்களும் கோட்டைகளின் பெயர்களும் வரிசையாக வருகின்றன. அந்தத் தளபதிகளை அந்தக் கோட்டைகள்வரை கொண்டுசேர்த்த படகுகளைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அவற்றில் பெரும்பாலானவை போருக்கென்று கட்டப்பட்டவை அல்ல. துறைமுகத்தில் பாய்மரக் கப்பல்களை இழுத்துக்கொண்டிருந்தவை, நெல்லும் பருத்தியும் கடிதப் பைகளும் ஏற்றிக்கொண்டிருந்தவை, நம் முன்னோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் பயணம் செய்தவை. அவை எப்படிப் போருக்குள் இழுக்கப்பட்டன என்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலில் டயானா. கல்கத்தாவின் கிதர்பூர் கட்டுமானத் தளத்தில் 1823 ஜூலையில் நீரில் இறக்கப்பட்ட இந்த நீராவிப் படகு, ஊக்ளி ஆற்றில் கப்பல்களை இழுக்கும் தனியார் படகாகவே தன் வாழ்க்கையைத் தொடங்கியது. மறு ஆண்டு முதலாம் பர்மியப் போர் மூண்டபோது, கடற்படைக் கப்பல் தலைவர் ஃபிரடெரிக் மாரியட் இப்படகைப் படையெடுப்புக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தினார். கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 80,000 ரூபாய் கொடுத்து அதை வாங்கியது. பிரிட்டிஷார் போரில் இறக்கிய முதல் நீராவிப் படகு அதுதான். சிறு பீரங்கிகளும் காங்கிரீவ் ராக்கெட்டுகளும் அதில் பொருத்தப்பட்டன. பர்மிய அரசின் போர்ப் படகுகள் நீண்டவை, பலர் ஒருசேரத் துடுப்பு வலிப்பவை, பாய்மரக் கப்பல்களை எளிதாக ஏய்த்து ஓடக்கூடியவை. ஆனால் துடுப்பு வலிப்பவர்களின் தோள் ஒரு கட்டத்தில் ஓயும், டயானாவின் சக்கரம் ஓயாது. காற்று இல்லாத நாளிலும் எதிர்நீரோட்டத்திலும் அது பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துச் சென்றது. போர் முடிந்தபின் 1826இல் ஜான் கிராபர்ட் தலைமையிலான தூதுக்குழுவை அரசவைக்கு ஏற்றிச் சென்றதும் அதே படகுதான்.

இதிலிருந்து நான் காண்பது இது: படைக்குக் குறையாக இருந்தது பீரங்கி அன்று. ஆழம் குறைந்த நீரில் ஓடக்கூடிய படகும், மணல்திட்டு இந்த மாதம் எந்த வளைவில் கிடக்கிறது என்பதை அறிந்த ஆட்களுமே குறையாக இருந்தனர். இரண்டும் வணிகர்களிடம் இருந்தன. மூன்றாம் பர்மியப் போர் நடந்த 1885இலும், ஜப்பானியர் பர்மாவுக்குள் வந்த 1942இலும் இதே நிலைதான் தொடர்ந்தது என்பது என் துணிபு. மாற்றுக்கருத்து உள்ளவர்கள் எழுதுக.

தட்டோன் வாசகன்:

ஐயா, டயானாவுக்கு அளவுக்கு மீறிப் புகழ் சேர்க்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இரங்கூன் 1824 மே 11 அன்று பிடிபட்டது. போரை முடித்த யாண்டபு உடன்படிக்கை 1826 பிப்ரவரி 24 அன்றுதான் கையெழுத்தானது. நீராவிப் படகு போரை முடித்துவைத்தது என்றால், இடைப்பட்ட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் எதற்காக? இரங்கூனைப் பிடித்தபோது ஊரே காலியாக இருந்தது. மக்கள் மாடுகளையும் அரிசியையும் படகுகளையும் கொண்டு உள்நாட்டுக்குப் போய்விட்டனர். மழை தொடங்கிவிட்டதால் படை நகர முடியாமல் நகரிலேயே அடைபட்டுக் கிடந்தது. கெட்டுப்போன உப்பிட்ட இறைச்சியும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கொன்றவர்களோடு ஒப்பிட்டால் வாளாலும் தோட்டாவாலும் இறந்தவர்கள் சிறு பகுதியே. அனுப்பப்பட்ட ஏறத்தாழ 40,000 பேரில் 15,000 பேர் திரும்பவில்லை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

அந்தப் படையில் மதராஸ் இராணுவத்தினர் பெரும் பங்கு வகித்தனர் என்பதைத் தமிழராகிய நாம் மறக்கலாகாது. வங்காளச் சிப்பாய்கள் சிலர் கடல்கடக்க மறுத்ததும், 1824 நவம்பரில் பாரக்பூரில் அவர்கள்மீது பீரங்கி திருப்பப்பட்டதும் தனிக் கதை. மதராஸ் சிப்பாய்கள் கப்பலேறி வந்தார்கள், இங்கே சகதியில் மடிந்தார்கள். ஒரே ஒரு நீராவிப் படகு அவர்களுக்கு அரிசி கொண்டுவந்து கொடுக்கவில்லை. அதன் கொள்ளளவும் அதற்குப் போதாது. தளபதி மகா பந்துலா 1825 ஏப்ரல் 1 அன்று தனுபியூவில் இறந்ததே போரின் திருப்பம் என்று நான் கருதுகிறேன். அவரைக் கொன்றது முற்றுகையின்போது விழுந்த வெடிகுண்டு. டயானா அந்த முற்றுகைக்கு வந்து சேர்ந்து உதவியது உண்மைதான். ஆனால் அது உதவிய படகு, வென்ற படகு அன்று.

டாலா பட்டறை (யாங்கூன்):

நான் ஆற்றுப் படகுகளின் இயந்திர அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வரலாற்றுத் தீர்ப்பை உங்கள் இருவருக்கே விட்டுவிட்டு, படகைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏனெனில் இந்த இழையில் இதுவரை யாரும் படகின் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

ஐராவதி மழைக்காலத்தில் கடல்போல் விரியும். மாசி, பங்குனி வந்தால் இருகரை மணலுக்கு நடுவே ஓடைபோல் ஒதுங்கும். வாய்க்கால் ஆண்டுதோறும் இடம் மாறும். கடலில் ஓடும் போர்க்கப்பலின் அடிப்பகுதி ஆழமாக இறங்கியிருக்கும், அதன் உந்துவிசிறி அதற்கும் கீழே இருக்கும். அத்தகைய கப்பல் இங்கே கோடையில் ஒரு நாளும் ஓட முடியாது. ஆற்றுப் படகு தட்டையான அடிப்பகுதி கொண்டது. அதன் சக்கரம் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ நீரின் மேற்பரப்பைத்தான் அடிக்கும். இருபுறமும் சரக்கு மிதவைகளைச் சேர்த்துக் கட்டி ஓட்டுவது நம் ஆற்று வழக்கம். நாங்கள் அவற்றை ஃபிளாட் என்போம். ஒரு படகும் இரண்டு ஃபிளாட்டும் சேர்ந்தால் ஒரு படைப்பிரிவையே குதிரை, பீரங்கி, தண்ணீர்ப் பீப்பாயோடு ஏற்றிவிடலாம்.

இனிக் குறைகளைச் சொல்கிறேன். வணிகப் படகில் கொதிகலன் தளத்தின்மேலேயே திறந்தவாக்கில் இருக்கும். ஒரு குண்டு பட்டால் நீராவி வெடித்து அருகிலிருப்போர் அனைவரையும் அவித்துவிடும். சக்கரமோ கதவளவு பலகைக்குப் பின்னால் வெளியே தெரியும். இதை அமெரிக்கர்கள் தங்கள் உள்நாட்டுப் போரில் நன்றாகவே அறிந்திருந்தனர். 1861இல் ஜான் ராட்ஜர்ஸ் என்ற கடற்படை அதிகாரி சின்சினாட்டியில் டைலர், லெக்சிங்டன், கொனஸ்டோகா என்ற மூன்று பயணப் படகுகளை விலைக்கு வாங்கினார். கொதிகலன்களைக் கீழ் அறைக்கு இறக்கினார். நீராவிக் குழாய்களையும் தாழ்த்தினார். தளத்தைச் சுற்றி ஐந்து அங்குலக் கருவாலிப் பலகையால் சுவர் எழுப்பினார். இரும்புத் தகடு கிடைக்கும்வரை மரமே கவசம். அந்த மூன்று படகுகளும் மிசிசிப்பி ஆற்றுப் படையின் முதல் ஆயுதப் படகுகளாயின. எதிர்த்தரப்பினர் தம் படகுகளில் பருத்திப் பொதிகளை அடுக்கிக் கவசமாக்கினர் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். பருத்திப் பொதி தீப்பிடிக்கும் என்பதை அறிந்தும் அதைச் செய்தார்கள் என்றால் எவ்வளவு அவசரம் என்று பாருங்கள்.

ஐராவதியில் இவ்வளவு பெரிய மாற்றங்கள் தேவைப்படவில்லை. எதிரில் வந்தவர்களிடம் கனத்த பீரங்கி குறைவு. ஆனால் ஐராவதிக்கரை ஐயா சொன்ன ‘ஆட்கள்’ என்பதில் நான் முழுமையாக உடன்படுகிறேன். முன்தளத்தில் இருவர் நின்று மூங்கில் கழியை நீரில் ஊன்றி ஆழத்தைக் கூவிச் சொல்வதை இன்றும் மேல் பர்மாப் படகுகளில் காணலாம். அந்தக் குரலைக் கேட்டுச் சுக்கானைத் திருப்புகிறவர் இல்லையென்றால், எத்தனை பீரங்கி ஏற்றினாலும் படகு மணலில்தான் ஏறும்.

ஐராவதிக்கரை:

டாலா ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. தட்டோன் நண்பருக்கு ஒரு விடை: டயானா போரை வென்றது என்று நான் எழுதவில்லை, போருக்குள் கொண்டுவரப்பட்ட வழியைத்தான் எழுதினேன். ஆனாலும் உங்கள் மறுப்பு 1885க்குப் பொருந்தாது என்பதை இனிக் காட்டுகிறேன்.

ஐராவதி ஃபிளோட்டில்லா நிறுவனம் தோன்றிய விதமே விந்தையானது. 1852இல் நடந்த இரண்டாம் பர்மியப் போருக்குப் பின் ஆங்கிலேய அரசு இந்த ஆற்றில் தன் நீராவிப் படகுகளை வைத்துப் படைகளையும் பொருள்களையும் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. அந்தப் படகுகளையும் ஃபிளாட்டுகளையும் தனியாருக்கு விற்றபோது, 1865இல் நிறுவனம் பிறந்தது. ஆகப் போர்ப்பணிப் படகு முதலில் வணிகப் படகானது. இருபது ஆண்டு கழித்து வணிகப் படகு மீண்டும் போர்ப்பணிக்குத் திரும்பியது. இடையில் என்ன நடந்தது என்பதுதான் முக்கியம். மின்டோன் அரசருடன் செய்துகொண்ட 1867ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் நிறுவனத்தின் படகுகள் அரசரின் நாட்டுக்குள்ளேயே மாந்தளைக்கும் அதற்கு மேலே பாமோவுக்கும் ஓடத் தொடங்கின. துணி ஏற்றிப் போய்ப் பருத்தி ஏற்றி வந்த அந்த ஆண்டுகளில், படகுத் தலைவர்களும் வழிகாட்டிகளும் ஆற்றின் ஒவ்வொரு வளைவையும், எந்தக் கோட்டை எந்தக் கரையில் நிற்கிறது என்பதையும், விறகு எங்கே கிடைக்கும் என்பதையும் மனப்பாடம் செய்துவிட்டனர். தன் நாட்டு வணிகம் செழிக்க வேண்டும் என்று அரசர் அளித்த இசைவே, பின்னர் அவர் மகனின் அரண்மனை வாயில்வரை வழிகாட்டியது.

தேக்கு மரம் வெட்டிய பம்பாய் பர்மா வணிகக் கழகத்துக்கு அரசவை விதித்த அபராதத்தைக் காரணமாகக் காட்டி 1885 அக்டோபர் 22ஆம் தேதியிட்ட இறுதி எச்சரிக்கை அனுப்பப்பட்டது. நவம்பர் 14 அன்று ஜெனரல் பிரெண்டர்காஸ்டின் படை தயெட்மியோவிலிருந்து மேலே புறப்பட்டது. 9,034 போர்வீரர்கள், 2,810 பணியாளர்கள், 67 பீரங்கிகள். இவர்களைச் சுமந்தவை நீராவிப் படகுகள், ஃபிளாட்டுகள், சிறு விசைப்படகுகள் என 55 கலங்கள்; பெரும்பாலானவை ஃபிளோட்டில்லா நிறுவனத்திடமிருந்து வாடகைக்கு எடுக்கப்பட்டவை. சாலை இல்லாத நாட்டில் வெறும் இரண்டு வாரத்தில் படை தலைநகரை அடைந்தது. நவம்பர் 17 அன்று மின்லா கோட்டை வீழ்ந்தது, 28 அன்று மாந்தளை.

மின்டோனின் மகன் திபா அரசரின் தரப்பிலும் இதைப் புரிந்துகொண்டவர்கள் இருந்தனர். அவரிடம் பணியாற்றிய இத்தாலியப் பொறியாளர்கள், கலங்களை வாய்க்காலில் மூழ்கடித்து வழியை அடைக்கத் திட்டமிட்டனர்; மிகச் சரியான திட்டம். ஆனால் முதல் நாளிலேயே ஐராவதி என்ற ஆயுதப் படகும் காத்லீன் என்ற சிறு விசைப்படகும் முன்னே விரைந்து, கரைப் பீரங்கிகளின் கண்ணெதிரிலேயே அரசரின் நீராவிப் படகையும் அதனோடு இருந்த மிதவைகளையும் பறித்துக்கொண்டன. ஆறு திறந்தது, அதன்பின் நடந்தவை சடங்குகளே. நவம்பர் 29 அன்று திபா அரசரும் அரசியும் ஏற்றப்பட்ட தூரியா என்ற படகும் ஃபிளோட்டில்லா நிறுவனத்தின் பயணப் படகுதான். இரங்கூனில் கப்பல் மாற்றி அவர்களை முதலில் கொண்டுபோன இடம் நம் மதராஸ். இரத்தினகிரிக்கு அனுப்பப்பட்டது அடுத்த ஆண்டில்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: தலைநகரைப் படகு பிடித்துக் கொடுத்தது, நாட்டைப் பிடித்துக் கொடுக்கவில்லை. ஆற்றங்கரையை விட்டு உள்ளே போன கிராமங்களில் எதிர்ப்பு பல ஆண்டுகள் தொடர்ந்தது.

மோல்மீன் மாணவி:

அண்ணன்மார்களுக்கும் ஐயாக்களுக்கும் வணக்கம். எனக்கு ஓர் ஐயம். படகை வாடகைக்கு எடுத்தார்கள், சரி. அதில் வேலை செய்த சாரங்கு, சுக்கானி, நெருப்பறை ஆட்கள் எல்லாரும் போர்வீரர் ஆகிவிட்டார்களா? அவர்கள் பிடிபட்டால் கைதியா, குற்றவாளியா? தட்டோன் அண்ணன் சிப்பாய்களைப் பற்றி எழுதினார். படகுக்காரர்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே.

ஏட்டுச் சுரைக்காய் (யாங்கூன்):

தங்கையின் கேள்வி இந்த இழையிலேயே மிக நல்ல கேள்வி. சட்ட அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்தவன் என்ற முறையில் சற்று விரிவாகவே விடை சொல்கிறேன்.

படகைக் கடற்படைக்குள் கொண்டுவர மூன்று வழிகள் உண்டு: டயானாவைப்போல் விலைக்கு வாங்குவது, 1885இல்போல் வாடகைக்கு எடுப்பது, இரண்டாம் உலகப்போரில் நடந்ததுபோல் அவசரச் சட்டத்தின்கீழ் கட்டாயமாகக் கையகப்படுத்துவது. வாங்கினால் படகு அரசுடையது, ஆட்கள் அரசின் ஆட்கள். வாடகை என்றால் படகும் ஆட்களும் நிறுவனத்துடையவர்கள். படைவீரர் அதில் பயணிகள் மட்டுமே. ஆனால் படகில் பீரங்கி ஏறிய கணத்தில் இந்தப் பிரிவினை குழம்பிவிடுகிறது. சீருடை அணியாதவர் ஆயுதப் படகை ஓட்டினால், எதிரி அவரைப் போர்க் கைதியாக மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று வாதிட இடம் உண்டு. இதனால்தான் வணிகப் படகுத் தலைவர்களுக்கு அவசரமாகத் துணைக் கடற்படைப் பதவி கொடுத்துச் சீருடை மாட்டினார்கள்.

சீருடையும் எல்லாரையும் காப்பாற்றவில்லை. முதல் உலகப்போரில் மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்), டைகிரிஸ் ஆற்றில் பல ஆண்டுகள் வணிகப் படகு ஓட்டிய சார்லஸ் கௌலி என்பவர் இருந்தார். குட் நகரில் முற்றுகையில் சிக்கிய பிரிட்டிஷ் இந்தியப் படை பட்டினியால் மடிந்துகொண்டிருந்தது. ஜுல்னார் என்ற நதிப் படகில் 270 டன் உணவை ஏற்றி, 1916 ஏப்ரல் 24 இரவில் லெப்டினன்ட் ஃபிர்மனும் கௌலியும் தன்விருப்பத்தோடு முன்வந்த சிறு குழுவினரும் புறப்பட்டனர். மகாசிஸ் அருகே ஆற்றின் குறுக்கே கட்டியிருந்த வடத்தில் படகு சிக்கிக் கரை தட்டியது. ஃபிர்மன் குண்டடிபட்டு இறந்தார். கௌலியைத் துருக்கியர் தம் குடிமகனாகவே கருதினர். பிடிபட்டபின் அவர் கொல்லப்பட்டார் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட செய்தி. இருவருக்கும் பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா சிலுவை கிடைத்தது. ஐந்து நாள் கழித்து குட் சரணடைந்தது. அந்தப் போருக்கு நம் ஐராவதியிலிருந்தும் படகுகள் அனுப்பப்பட்டன. ஆற்றுக்கெனக் கட்டிய தட்டை அடிப் படகுகளை அரபிக்கடல் வழியாகக் கொண்டுபோனது எத்தகைய துணிச்சல் என்பதை டாலா ஐயாதான் சொல்ல வேண்டும்.

ஐராவதியின் ஊழியர்களில் பெரும்பகுதியினர் சிட்டகாங்கைச் சேர்ந்த முஸ்லிம்கள். நிறுவன அதிகாரிகளில் பலர் 1940இல் அமைக்கப்பட்ட பர்மா துணைக் கடற்படையில் பதவி பெற்றார்கள். நெருப்பறையில் விறகு தள்ளியவருக்குப் பெரும்பாலும் பழைய கூலியும் பழைய லுங்கியுமே. 1942இல் குண்டு விழத் தொடங்கியதும் அவர்களில் பலர் படகை விட்டுப் போனார்கள் என்று இராணுவத்தார் குறைப்பட்டுக்கொண்டனர். போருக்கு ஒப்பந்தம் செய்யாதவர், தன் ஊரும் குடும்பமும் வேறு திசையில் இருக்கும்போது, வேறு என்ன செய்வார் என்று அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

மறுபக்கத்தில் இராபர்ட் ஸ்மால்ஸ் இருக்கிறார். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த படகோட்டி. பருத்தி ஏற்றிய பிளான்டர் என்ற படகைத் தென்மாநிலப் படை தன் போக்குவரத்துக்கு அமர்த்தியிருந்தது. 1862 மே 13 விடியலில், வெள்ளைக்கார அதிகாரிகள் கரையில் உறங்கிக்கொண்டிருக்க, படகுத் தலைவரின் வைக்கோல் தொப்பியை அணிந்து, கோட்டைகளுக்குக் கொடுக்க வேண்டிய ஊதல் குறியீடுகளைப் பிசகாமல் ஒலித்து, குடும்பத்தாரையும் தோழர்களையும் ஏற்றிக்கொண்டு சார்ல்ஸ்டன் துறைமுகத்தைக் கடந்து வடமாநிலக் கடற்படையிடம் படகை ஒப்படைத்தார். வழி அறிந்தவர் யார் பக்கம் நிற்கிறாரோ அவர் பக்கமே படகும் நிற்கும். ஸ்மால்ஸ் பின்னாளில் அதே படகின் தலைவரானார், நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார்.

மோனிவா வழி:

1942 பற்றி இன்னும் யாரும் முழுமையாக எழுதாததால் நான் எழுதுகிறேன். எங்கள் குடும்பம் அந்த ஆற்று வழியில்தான் பாதி இந்தியாவுக்குப் போனது, பாதி இங்கேயே தங்கியது.

போருக்கு முன் ஃபிளோட்டில்லா நிறுவனத்திடம் சிறிதும் பெரிதுமாக அறுநூறுக்கும் மேற்பட்ட கலங்கள் இருந்தன. ஜப்பானியர் இரங்கூனை நெருங்கியபோது கொழும்பிலிருந்து ஏறத்தாழ நூறு அரச கடற்படைத் தரைவீரர்கள் மேஜர் ஜான்ஸ்டன் தலைமையில் வந்தனர். வைப்பர் படை என்று பெயர். நிறுவனத்தின் சிறு விசைப்படகுகளில் இயந்திரத் துப்பாக்கிகளைக் கட்டிக்கொண்டு, பின்வாங்கும் படையின் பக்கவாட்டை ஆற்றிலிருந்து காப்பது அவர்கள் வேலை. மார்ச் இறுதியில் பதாங் கிராமத்தில் அவர்கள் பட்ட அடி கடுமையானது. தலைமேல் ஒரு விமானம்கூடத் துணைக்கு இல்லாத நிலையில், பலகைச் சுவர்ப் படகு எவ்வளவு நாள் தாங்கும்?

பெரிய படகுகள் அதே நேரத்தில் இரண்டு கூட்டத்தை ஏற்றின: ஒருபுறம் காயம்பட்ட வீரர், மறுபுறம் ஓடிவந்த மக்கள். மோனிவாவிலிருந்து சிண்ட்வின் ஆற்றில் கலேவாவரை பின்சக்கரப் படகு. அதன்பின் தமு வழியாக மணிப்பூருக்கு நடை. நடந்தவர்கள் நான்கு இலட்சத்துக்கு மேல் என்பர். வழியில் விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கே இல்லை. என் பாட்டி அந்தப் படகைப் பற்றிச் சொன்னதெல்லாம், தளத்தில் காலை நீட்ட இடமில்லை என்பதும், இரவில் விளக்கில்லாமல் ஓடியது என்பதும்தான். கலேவாவுக்குப் பின் நடந்ததைப் பற்றி அவர் பேசியதே இல்லை.

மே மாதம் படை சிண்ட்வினைக் கடந்த விதம் தனியே சொல்லத்தக்கது. ஷ்வெஜின் என்ற இடத்திலிருந்து கலேவாவுக்கு ஆறு நீராவிப் படகுகள் மட்டுமே ஓடின. ஒரு நடைக்குச் சில நூறு பேர். மே 10 அன்று ஜப்பானியர் ஷ்வெஜினைச் சுற்றியுள்ள குன்றுகளில் ஏறிச் சுடத் தொடங்கியதும் படகுகள் துறைக்கு வர மறுத்தன. எஞ்சிய வீரர் கரைவழியே நடந்தனர். டாங்கிகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் அந்தக் கரையிலேயே கைவிடப்பட்டன. ஐராவதியின்மேல் இருந்த ஆவா பாலம் ஏப்ரல் 30 அன்றே தகர்க்கப்பட்டுவிட்டது. மாந்தளையிலும் அதற்கு மேலும் ஒதுங்கி நின்ற படகுகளை, எதிரி கையில் சிக்கக் கூடாதென்று, நிறுவனத்தாரே அடிப்பகுதியில் துளையிட்டு மூழ்கடித்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட கலங்கள் அப்படிப் போயின. அவற்றில் வேலை பார்த்தவர்களே அதைச் செய்ய வேண்டியிருந்தது.

தட்டோன் வாசகன்:

மோனிவா நண்பர் எழுதியதைப் படித்தபின் என் வாதம் சற்று இடம் மாறுகிறது. டயானாவைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. படையெடுக்கும்போது ஆற்றுப் படகு உதவிப் பொருள் மட்டுமே. பின்வாங்கும்போதுதான் அது உயிர்நாடியாகிறது. 1940இல் பிரான்சின் டன்கர்க்கிலிருந்து பிரிட்டிஷ் படை பின்வாங்கியபோது நடந்ததும் அதுதானே? மெட்வே குவீன் என்ற சுற்றுலாச் சக்கரப் படகைக் கண்ணிவெடி அகற்றும் பணிக்கு மாற்றியிருந்தார்கள். அது ஏழு முறை ஆங்கிலக் கால்வாயைக் கடந்து ஏறத்தாழ 7,000 பேரை மீட்டது. அதே மாதிரியான கிரெஸ்டெட் ஈகிள் என்ற சக்கரப் படகு மே 29 அன்று வீரர்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே குண்டுபட்டு எரிந்தது.

டாலா பட்டறை:

டன்கர்க்குக்கும் இங்கேயும் பெரிய வேறுபாடு உண்டு. அங்கே அக்கரை ஒரு நாள் பயணத்தில் இருந்தது, கரிக்கும் பழுதுபார்ப்புக்கும் துறைமுகங்கள் இருந்தன. இங்கே 1942 மார்ச்சில் இரங்கூன் போனதும் டாலாவிலிருந்த நிறுவனத்தின் பட்டறையும் போய்விட்டது. அதன்பின் ஒரு திருகாணி உடைந்தாலும் மாற்று இல்லை. மேல் பர்மாவுக்குப் போன ஒவ்வொரு படகும் திரும்பிவர முடியாத திசையில் போன படகு. 1945இல் பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்லிம்மின் படை திரும்பி வந்தபோது படகே கிடைக்காமல், கலேவாவின் கரையிலேயே காட்டுமரத்தை அறுத்துச் சரக்கு மிதவைகளைக் கட்டினார்கள். பமேலா, யூனா என்ற இரண்டு சிறு ஆயுதப் படகுகளையும் அங்கேயே கட்டி மிதக்கவிட்டார்கள். வணிகப் படகுகளை மூழ்கடித்ததன் விலை எதிரிக்கு மட்டும் அல்ல, இவர்களுக்கும்தான்.

நெறியாளர்:

அகதிகளின் நடைப்பயணம் பற்றித் தனி இழை ஏற்கெனவே உள்ளது. குடும்ப நினைவுகளை அங்கே பதிவு செய்ய வேண்டுகிறேன். இங்கே படகுகளைப் பற்றி மட்டும் தொடர்க.

மோல்மீன் மாணவி:

ஏட்டுச் சுரைக்காய் அண்ணா, மூழ்கடித்த படகுகளுக்கு அரசு பணம் கொடுத்ததா? வாடகைப் படகு உடைந்தால் எடுத்தவர்தானே பொறுப்பு?

ஏட்டுச் சுரைக்காய்:

வாடகைக்கோ கட்டாயமாகவோ எடுத்த படகு அரசின் கையில் இருக்கும்போது சேதமானால், எடுத்தபோது செய்த ஏற்பாட்டின்படி ஈடு கேட்கலாம். சண்டை நடக்கும்போது தற்செயலாக அழிந்த சொத்துக்கு ஈடு கேட்க முடியாது. சிக்கல் மூன்றாவது வகையில்: எதிரி வருவதற்கு முன்பே, எதிரி பயன்படுத்தக் கூடாதென்று, அரசின் ஆணைப்படி வேண்டுமென்றே அழித்த சொத்து.

ஃபிளோட்டில்லா படகுகள் இந்த வகைக்குள் வருபவை. ஆனால் இக்கேள்வி நீதிமன்றத்தில் முழுமையாக அலசப்பட்டது பர்மா எண்ணெய் நிறுவனத்தின் வழக்கில். இரங்கூனுக்கு எதிர்க்கரையில் சிரியத்தில் இருந்த சுத்திகரிப்பு ஆலையை 1942 மார்ச்சில் தகர்த்தார்கள். ஏப்ரலில் யெனாஞ்சவுங் எண்ணெய்க் கிணறுகளையும் அழித்தார்கள். அந்த ஆலையிலும் கிணறுகளிலும் நம்மவர்கள் ஏராளமாக வேலை பார்த்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இருபது ஆண்டு இழுபறிக்குப் பின் 1964இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் அவை, மூவர் ஒருபக்கமும் இருவர் மறுபக்கமுமாக, அரசு ஈடு கொடுத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மறு ஆண்டே நாடாளுமன்றம் போர்ச் சேதச் சட்டத்தை நிறைவேற்றி, அந்த உரிமையைப் பின்னோக்கியும் செல்லாததாக்கியது. வென்ற வழக்கைச் சட்டம் போட்டுத் தோற்கடித்த கதை. சட்டம் படிப்பவர்கள் இன்றும் இதைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

ஃபிளோட்டில்லா நிறுவனம் எஞ்சியவற்றைக் கொண்டு போருக்குப் பின் மீண்டும் ஓடத் தொடங்கியது; பர்மா விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டின் ஜூனில் அது தேசியமயமாக்கப்பட்டது. படகு ஊழியர்களின் இழப்பைப் பற்றி வழக்கு எதுவும் என் கண்ணில் படவில்லை, தங்கையே. பெரிய எண்ணெய் நிறுவனமே இருபது ஆண்டு போராடிக் கடைசியில் வென்ற ஈட்டை இழந்து நின்றபோது, சுக்கானி ஒருவர் எந்த நீதிமன்றத்தின் படியேறியிருப்பார்?

ஐராவதிக்கரை:

வாடகை, விலை, கட்டாயம் என்ற மூவகைப் பிரிவினைக்கு நன்றி. என் முதல் பதிவில் நான் தேடியது இதைத்தான். ஆனால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 1885இல் வாடகை வாங்கிய நிறுவனம் அந்தப் போரால் நட்டமடையவில்லை. மேல் பர்மா முழுவதும் அதன் வணிக வழியாயிற்று. 1942இல் அதே நிறுவனம் தன் படகுகளைத் தானே மூழ்கடித்தது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்காமல் ‘பறிக்கப்பட்ட படகுகள்’ என்று மட்டும் இரக்கத்தோடு எழுதுவது சரியன்று.

மோல்மீன் மாணவி:

கடைசியாக ஒன்று: அந்தப் படகுகளில் ஏதாவது இன்றும் ஓடுகிறதா?

டாலா பட்டறை:

டயானாவை 1835லேயே உடைத்துவிட்டார்கள், அம்மா. 1942இல் மூழ்கிய படகுகள் சிலவற்றைப் பின்னர் தூக்கினார்கள். பலவற்றின் எலும்புக்கூடு மணலுக்கடியில். சுற்றுலாப் பயணிகள் நிழற்படம் எடுத்துக்கொள்ளும் பாண்டோ என்ற பின்சக்கரப் படகைக் காட்டி, இது போரில் ஓடியது என்று துறையில் சிலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம். அது போரில் அழிந்தவற்றுக்கு ஈடாக 1947இல் ஸ்காட்லாந்தில் கட்டி அனுப்பப்பட்ட படகு. பிறகு பல ஆண்டுகள் அரசின் உள்நாட்டு நீர்ப்போக்குவரத்துத் துறையில் ஓடி, 1990களில் புதுப்பிக்கப்பட்டுப் பயணிகளை ஏற்றியது. அதன் தளத்தில் யாரும் பீரங்கி பொருத்தியதில்லை.